சாவோ பாவுலோவில் மூன்று நாள், நிதானமாக

காட்பாடி பயணி: ஜூலையில் பெரு போகும் வழியில் பிரேசிலின் சாவோ பாவுலோவில் மூன்று நாள் இருப்பேன். முதுகுப் பை மட்டும்தான். ஓடியோடிப் பார்க்க விருப்பமில்லை. எங்கே தங்கலாம்?

சத்துவாச்சாரி அக்கா: பாவ்லிஸ்டா அவென்யூ பக்கம், மெட்ரோவுக்கு நடக்கிற தூரத்தில் ஹாஸ்டல் பாருங்க தம்பி. ஒரு நாள் ஞாயிறாக வரட்டும், அன்று பகலில் கார்களை நிறுத்திவிட்டு அந்தப் பெரிய சாலையை ஜனங்களுக்கே விட்டுவிடுகிறார்கள், பாட்டு, சைக்கிள், குழந்தைகள் என்று எனக்கு அரை நாள் போனதே தெரியவில்லை. லினா போ பார்டி வடிவமைத்த மாஸ்ப் அருங்காட்சியகமும் அங்கேதான். அடுத்த நாள் இபிராபுவேரா பூங்காவில் மரத்தடியில் உட்காருங்க, போதும்.

ஆற்காடு வாசி: முதலில் மஞ்சள் காய்ச்சல் ஊசி. பிரேசிலிலிருந்து திரும்பும்போது சான்றிதழ் கேட்பார்கள், போட்டு 10 நாள் ஆனால்தான் செல்லும். நான் சென்னை போய் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டேன். அப்புறம், ஜூலை அங்கே குளிர்காலம், ஸ்வெட்டர் வேண்டும்.

காட்பாடி பயணி: ஊசி பற்றித் தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி அண்ணா. சாப்பாடு?

சத்துவாச்சாரி அக்கா: தெருச்சந்தையில் சூடான பாஸ்டெல் (உள்ளே இறைச்சியோ சீஸோ வைத்து எண்ணெயில் பொரித்தது), கூடவே கரும்புச் சாறு. பாவ் டி கேஜோ மரவள்ளி மாவும் சீஸும் சேர்த்துச் சுட்டது, காலையில் காபியோடு சாப்பிடுங்க.