சாங்கியிலிருந்து நியூயார்க்: கருவி காட்டும் 17 மணி நேரமா, பயணச்சீட்டில் உள்ள 18 மணி நேரமா?

கேள்வி:
வணக்கம். வரும் டிசம்பரில் அம்மாவைச் சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு இடைநில்லா விமானத்தில் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். தூரம் கணக்கிடும் இணையக் கருவி ஏறத்தாழ 15,350 கி.மீ., 17 மணி நேரம் என்கிறது; பயணச்சீட்டிலோ 18 மணி நேரத்துக்கும் மேல் போட்டிருக்கிறது. எதைக் கணக்கில் கொள்வது? விமானம் எந்தப் பக்கமாகச் செல்லும்?

மறுமொழி 1:
பயணச்சீட்டில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள். கருவி காட்டுவது பூமிப்பந்தின் மீது இரு நிலையங்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் வரும் நீளம். அதை நீங்களே சரிபார்க்கலாம்: இரு நகரங்களும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ 178 பாகை விலகி, பூமிப்பந்தின் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டியே அமைகிறது. அட்சரேகைக் கணக்கில் சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து கென்னடிக்கு 49.4 பாகை, ஆக 138. பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 15,300-ஐத் தாண்டுகிறது. அந்தத் தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்துத்தான் கருவி 17 மணி நேரம் என்கிறது. விமான நிறுவனமோ, வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வாயிலில் நிற்பது வரை, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதையும் தரையிறங்கக் காத்திருப்பதையும் சேர்த்தே அட்டவணை போடுகிறது.

மறுமொழி 2:
மேலே நண்பர் சொன்ன குறுக்குவழியில் விமானம் பெரும்பாலும் செல்வதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று குளிர்காலத்தில் மேலும் வலுக்கும் என்பதால், தூரம் கூடினாலும் அதை முதுகில் வாங்கிக்கொண்டு பறப்பதே எரிபொருளுக்கும் நேரத்துக்கும் லாபம். ஆகவே சாங்கியிலிருந்து ஜப்பான் பக்கமாக வடபசிபிக்கைக் கடந்து செல்வார்கள்; திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகவும் வருவதுண்டு. அப்படி அமைந்தால் போகவர இரண்டு முறையும் கிழக்கு நோக்கியே பறந்து உலகைச் சுற்றிவிடுவீர்கள்! காற்று ஒத்துழைத்தால் அட்டவணையை முந்துவதும் உண்டு: 2018 அக்டோபரில் பக்கத்து நூவர்க் நிலையத்துக்குத் தொடங்கிய சேவையின் முதல் விமானம் 17 மணி 52 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சாதாரண வகுப்பில் அம்மாவுக்கு அத்தனை நேரம் உட்கார முடியுமா?

மறுமொழி 3:
இத்தடத்தில் பறக்கும், மிக நீண்ட தூரத்துக்கான ஏ350-900யூஎல்ஆர் வகை விமானத்தில் சாதாரண வகுப்பே கிடையாது. மொத்தம் 161 இருக்கைகள்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. பிரீமியம் எகானமியின் கடைசி மூன்று வரிசைகளில் சன்னலோரம் ஒற்றை இருக்கைகள் இருக்கும். அம்மாவோடு செல்லும் உங்களுக்கு அவை தோதுப்படா. சாதாரண வகுப்புதான் வேண்டுமென்றால் ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று செல்லும் விமானத்தைப் பாருங்கள். நேரம் கூடும், ஆனால் இடையில் இறங்கிக் கால் நீட்டலாம். டிசம்பரில் நியூயார்க் நமக்கு 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும். நள்ளிரவில் கிளம்பி 18½ மணி நேரம் பறந்தாலும், அங்கே அதே தேதியின் அதிகாலை 5.30-தான் ஆகியிருக்கும்; போனதும் அறை கிடைக்க, விடுதி அறையை முந்தைய இரவிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள்.