சுவரில் சதுரமாக விழும் தோட்டாக்கள்: சிதறலை எப்படிச் சரிசெய்வது?

இரவுப்பட்டறை (கேள்வி):
வணக்கம் நண்பர்களே. கேம் செய்யும் மென்பொருளான கொடாட் 4-இல் தனி ஆளாக ஒரு ஷூட்டர் கேம் செய்துகொண்டிருக்கிறேன். துப்பாக்கிக் குறி விஷயத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு வாரமாக வேலை நகரவில்லை.

சோதனைக்காக 50 மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைச் சுவரை வைத்து 300 தோட்டா சுட்டேன். ஓட்டைகள் சேர்ந்து ஒரு சதுரமாக நிற்கின்றன, நாலு மூலையும் பளிச்சென்று தெரிகிறது. இடவலத்துக்கு ஒரு ராண்டம் எண், மேல்கீழுக்கு ஒரு ராண்டம் எண், இரண்டுமே மைனஸ் 1.5 முதல் பிளஸ் 1.5 டிகிரிக்குள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

சரி என்று, 360 டிகிரிக்குள் ஒரு திசையும் மையத்திலிருந்து ஒரு தூரமும் ராண்டமாக எடுத்துப் பார்த்தேன். வட்டம் வந்தது. ஆனால் நடுவில் ஓட்டைகள் மொய்த்துச் சுவரே கறுத்துப்போனது, ஓரம் வெறிச்சோடிக் கிடக்கிறது. இதில் எது சரி? விளையாடிப் பார்த்த தம்பி, "நேராத்தான் வச்சேன், படவே மாட்டேங்குது" என்று பாதியில் எழுந்துவிட்டான். நிஜத் துப்பாக்கி எப்படிச் சுடுமோ அப்படி வேண்டும் எனக்கு.

கணக்குக்காரன்:
சதுரத்துக்குக் காரணம் எளிது. உங்கள் இரண்டு எண்களிலும் ஓர மதிப்புக்கும் நடு மதிப்புக்கும் ஒரே வாய்ப்பு. அதனால் மூலையும் நடுவும் சமமாக நிரம்புகின்றன. இரண்டாவது முறையில் பாதித் தோட்டாக்கள் பாதி ஆரத்துக்குள் விழும். ஆனால் அந்த உள்வட்டத்தின் பரப்பு மொத்தத்தில் கால்வாசிதான், அதனால்தான் அங்கே நெரிசல். ஆரத்தோடு பெருக்குவதற்கு முன் 0 முதல் 1 வரையான அந்த ராண்டம் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால் எங்கும் சீராகப் பரவும்.

ஆனால் ரைஃபிளுக்குச் சீரான பரவல் வேண்டாம். நிஜத்தில் தோட்டாக்கள் நடுவில் அதிகமாகவும், வெளியே போகப் போகக் குறைவாகவும்தான் விழும். கொடாட்டில் ராண்ட்எஃப்என் என்ற ஃபங்ஷன் அந்த மணிவடிவப் பரவலைத் தரும். இடவலத்துக்கு ஒன்று, மேல்கீழுக்கு ஒன்று எடுங்கள், வட்டம் தானாக வரும், மூலை வராது. 1993-இல் வந்த டூம் என்ற ஷூட்டர் கேம் இதை இன்னும் மலிவாகச் செய்தது: இரண்டு ராண்டம் எண்களை எடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். விடை பூஜ்யத்தைச் சுற்றியே அதிகம் வரும். அந்த நிரலைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பழைய கேடட்:
தம்பி, வடிவம் இருக்கட்டும், அந்த 1.5 டிகிரியைக் கவனியுங்கள். 50 மீட்டரில் அது பக்கத்துக்கு 1.3 மீட்டர். உங்கள் சதுரம் 2.6 மீட்டர் அகலம்! சாதாரண ராணுவ ரைஃபிளின் சிதறலை 4 எம்.ஓ.ஏ. (கோணத்தை அளக்கும் ஒரு சிறு அலகு) என்று வைத்துக்கொண்டால், 50 மீட்டரில் ஓட்டைக் கூட்டத்தின் அகலம் மொத்தமே 6 செ.மீ.தான். ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ. அதனால் மேலே நண்பர் சொன்ன ஃபங்ஷனில் விலக்கத்துக்கு, அதாவது எவ்வளவு பரவ வேண்டும் என்ற எண்ணுக்கு, 0.02 டிகிரி போட்டுப் பாருங்கள்.

என்சிசியில் .22 ரைஃபிளால் படுத்துச் சுட்டிருக்கிறேன். முதல் தடவை என் ஐந்து ஓட்டைகளும் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் நின்றன. பயிற்சி தந்த உஸ்தாத் குறி அட்டையைப் பார்த்ததுமே, "மூச்சு விட்டுக்கொண்டே சுட்டாய்" என்றார். படுத்திருக்கும்போது மூச்சை இழுத்தால் நெஞ்சு எழும்பும், தோள் ஏறும், குழல் நுனி தாழும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்திச் சுட்டதும் அதே துப்பாக்கி ஓட்டைகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்தது. ஆகப் பிழை குழலில் இல்லை, பிடித்திருக்கும் ஆளிடம் இருக்கிறது. உங்கள் கேமிலும் அங்கேதான் வைக்க வேண்டும்.

இரவுப்பட்டறை:
அண்ணா, 0.02 போட்டேன். 300 ஓட்டையும் ஒரு சின்னத் தட்டுக்குள் அடங்கிவிட்டன. கணக்குக்காரன் சொன்னபடி மூலையும் போயிற்று. இப்போது இரண்டு புதுச் சிக்கல். ஒன்று, யார் முதலில் பட்டனை அழுத்துகிறாரோ அவர் ஜெயிக்கிறார். இன்னொன்று, எவ்வளவு கிட்டப் போய்ச் சுட்டாலும் தோட்டா குறிக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளியே விழுகிறது.

கணக்குக்காரன்:
இரண்டாவது எனக்குத் தெரிந்த நோய். தோட்டா துப்பாக்கி நுனியிலிருந்து கிளம்புகிறது, ஆனால் கேமரா பார்க்கும் திசைக்கு இணையாகப் போகிறது. அப்படியானால் அந்த ஒரு சாண் கடைசிவரை குறையாது. முதலில் கேமரா நடுவிலிருந்து ஒரு ரே (கண்ணுக்குத் தெரியாத நேர்க்கோடு) விட்டு அது தொடும் புள்ளியைப் பிடியுங்கள், பிறகு நுனியிலிருந்து அந்தப் புள்ளியை நோக்கிச் சுடுங்கள். சிதறலை இந்த இரண்டாவது ரேயில் மட்டும் சேருங்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற கேமில் தோட்டா கண்ணிலிருந்தே கிளம்புகிறது, அங்கே இந்தத் தொல்லையே இல்லை.

முதல் சிக்கலுக்குக் கேடட் அண்ணன் சொன்னதுதான் வழி. மூச்சுக்கு ஏற்ப குறியை மெல்ல ஏற்றி இறக்குங்கள். ஓடினால் ஆட்டத்தைக் கூட்டுங்கள், நின்றதும் அரை நொடியில் அடங்கட்டும். தொடர்ந்து சுட்டால் குறி மேலே எகிறட்டும். எல்லாம் திரையில் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். கண்ணுக்குத் தெரிந்த ஆட்டத்தால் தவறினால் ஆடுபவர் அடுத்த முறை நிதானித்துச் சுடுவார். தெரியாத ராண்டம் எண்ணால் தவறினால் உங்கள் தம்பி மாதிரி எழுந்துதான் போவார்.

இரவுப்பட்டறை:
ரே சரியாகிவிட்டது, இப்போது குறி வைத்த இடத்திலேயே படுகிறது. மூச்சு ஆட்டத்தை நாலு நொடிக்கு ஒரு சுற்று என்று வைத்தேன். நேற்று ராத்திரி தம்பி மறுபடி உட்கார்ந்தான். பத்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தால், குறி கீழே இறங்கி நிற்கும் அந்தக் கணத்துக்காக அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான்.