லூடோவில் எனக்கு மட்டும் ஆறே விழ மாட்டேங்குது, ஆப் ஏமாத்துதா?

குடியாத்தம்_குட்டி:
ஊருக்கு வந்தா ஒரே போன்ல நாலு பேரு லூடோ ஆடுவோம். நான், அண்ணி, சித்தப்பா பசங்க ரெண்டு பேரு. பத்து தடவை உருட்டியும் எனக்கு ஒரு காய்கூட வெளிய வர்ல. அண்ணிக்கு அடுத்தடுத்து ஆறு! போன் அவங்களோடது, அதான் அவங்களுக்கே விழுதுன்னு பசங்க சொல்றானுங்க. காசு கட்டி ஆடல. ஆப்பை அழிச்சிட்டு மறுபடி போட்டும் அதே கதை. செட்டிங்ல ஏதாவது மாத்தணுமா?

ஆற்காட்டான்:
இன்னாபா, எல்லா ஆப்பும் ஃப்ராடுதான். நான் எப்பவோ தூக்கிட்டேன்.

காட்பாடி_கணக்கு:
செட்டிங்ல ஒண்ணும் இல்ல தம்பி. ஒரு உருட்டுல ஆறு விழாம போக வாய்ப்பு 5/6. பத்தும் அப்படியே போக சுமார் 16%. ஆனா ஆடுறது நாலு பேரு. அதுல யாராவது ஒருத்தர் முதல் பத்து உருட்டுல ஆறையே பாக்காம உக்காந்திருக்க வாய்ப்பு 50 சதவீதத்தையே தொட்டுடும். பாதி ஆட்டத்துல யாரோ ஒருத்தர் புலம்பித்தான் ஆகணும்.

இன்னொண்ணு, ஆறு விழுந்தா இன்னொரு உருட்டு கிடைக்குது. அண்ணி கையில போன் அதிக நேரம் இருக்கிறது அதனாலதான்.

நம்ம தாயம் இதைவிட மோசம். ரெண்டு கட்டையிலயும் 0, 1, 2, 3. ஒண்ணுல 0, இன்னொண்ணுல 1 வந்தாத்தான் தாயம். 16-ல 2 வழி, அதாவது 1/8. பாட்டிங்க கட்டையைத் திட்டுவாங்க, ஊதி உருட்டுவாங்க, ஆனா கட்டை செஞ்சவன் மேல சந்தேகப்பட மாட்டாங்க. போனுக்குள்ள நடக்கிறது கண்ணுக்குத் தெரியாததால உடனே சதின்னு தோணுது.

குடியாத்தம்_குட்டி:
அப்ப கேம் செய்றவங்க கை வைக்கவே மாட்டாங்களா சார்?

வாலாஜா_வாண்டு:
வைக்கிறாங்க ப்ரோ, பல நேரம் ஆடுறவன் பக்கமா! ஃபயர் எம்பளம்னு ஜப்பான் கேம். அதோட பல பாகங்கள்ல ரெண்டு ரேண்டம் எண் எடுத்து சராசரி பாக்கும். அடி விழ 90% வாய்ப்புன்னு திரையில காட்டும், நிஜத்துல சுமார் 98%. உண்மையான 90% வச்சா பத்துல ஒண்ணு தவறும், அதுக்கே நம்மாளுங்க போனைத் தூக்கி அடிப்பாங்க. பாட்டு கேக்குற ஐபாடுலயும் இதே தகராறு: வரிசை இல்லாம கலைச்சுப் போடுற ஷஃபிள் போட்டா ஒரே பாடகர் அடுத்தடுத்து வர்றாருன்னு புகார். 2005-ல ஆப்பிள் அதைக் குறைக்க ஒரு வசதியே கொண்டுவந்துச்சு.

காட்பாடி_கணக்கு:
உன் ஆப்பைச் சோதிக்கணும்னா நோட்டுல எழுது. எல்லாரோட உருட்டும், முதல் ஆட்டத்துலேர்ந்து. கோவம் வந்தப்புறம் எண்ண ஆரம்பிச்சா செல்லாது. 600 உருட்டுக்கு 82-லேர்ந்து 118 ஆறு வரைக்கும் சாதாரணம். அண்ணி மேல சந்தேகம்னா அவங்க உருட்டை மட்டும் தனியா எண்ணு: 150-க்கு 16-லேர்ந்து 34 வரைக்கும் பிரச்சினை இல்ல. அதுக்கு ரொம்ப மேல போனா வா, பேசலாம்.

குடியாத்தம்_குட்டி:
நோட்டு போடுற வேலையை அண்ணியே கேக்குறாங்க சார். குடுக்கலாமா?

காட்பாடி_கணக்கு:
வேணாம். பசங்ககிட்ட குடு.