பச்சைக்கறி சாப்பிடும் பூனை தண்ணீரே குடிப்பதில்லை: உங்கள் வீட்டில் எப்படி?

சுண்டலோட ஆள், சென்னை

சுண்டல் எங்கள் வீட்டு ஆண் பூனை. இரண்டரை வயது, நாலு கிலோ, கருத்தடை ஆனவன். பிப்ரவரி வரை பாக்கெட் உலர் உணவுதான். அப்போதெல்லாம் கிண்ணத்தைத் தினமும் நிரப்ப வேண்டியிருக்கும். மூன்று மாதமாக வீட்டிலேயே கறி கலந்து கொடுக்கிறேன்: கோழித் தொடைக்கறி, கோழி இதயம், கொஞ்சம் ஈரல், முட்டை ஓட்டுத் தூள், டாரின் (பூனைக்குக் கட்டாயம் வேண்டிய ஒரு சத்து). அளவெல்லாம் மருத்துவர் எழுதிக் கொடுத்தது. காலையில் 80 கிராம், இரவு 80 கிராம். தட்டை நக்கி வழித்துவிட்டுப் போகிறான்.

ஆனால் தண்ணீர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அக்னி நட்சத்திரம் வேறு. சந்தேகம் வந்து நேற்று கிண்ணத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தேன். பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கோட்டுக்குக் கீழே ஒரு நூல் அளவு இறங்கியிருக்கிறது. அதுவும் காற்றில் காய்ந்ததாகத்தான் இருக்கும். பயந்துபோய் இரவு சிரிஞ்சில் தண்ணீர் புகட்டப் பார்த்ததில் எனக்குக் கையில் நாலு கீறல், அவனுக்கு என் மேல் கோபம். பச்சைக்கறிக்கு மாறியவர்கள் எதைப் பார்த்து "இவனுக்குத் தண்ணீர் போதும்" என்று முடிவு செய்கிறீர்கள்?

கால்நடைக் கல்லூரி மாணவி, நாமக்கல்

முதலில் சிரிஞ்சைத் தூக்கிப் போடுங்கள் அண்ணா. திமிறுகிற பூனையின் வாயில் தண்ணீரை அடித்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அப்புறம் அது நுரையீரல் பிரச்சினை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிலோவுக்குச் சுமார் 50 மி.லி. என்று வைத்தால் சுண்டலுக்கு ஒரு நாளைக்கு 200 மி.லி. இதில் சாப்பாட்டில் இருக்கும் நீரும் சேர்த்தி. கோழிக்கறியில் நூற்றுக்கு எழுபது பங்கு தண்ணீர்தான். 160 கிராமில் 110 மி.லி. வந்துவிடுகிறது. சாப்பாடு உடம்பில் எரியும்போதும் கொஞ்சம் நீர் பிறக்கும், 20 மி.லி. என்று வையுங்கள். மீதி 70. இதே 60 கிராம் உலர் உணவில் இருப்பது ஐந்தாறு மி.லி. அதனால்தான் அப்போது கிண்ணத்துக்கு ஓடினான். அப்போதும் முழுசாக ஈடுகட்டியிருக்க மாட்டான். வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்கா, மேற்காசியா பக்கத்து வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. எலியையும் குருவியையும் தின்று, அந்த உடம்பில் இருந்த நீரிலேயே பெரும்பாலும் காலம் தள்ளிய ஜாதி. தாகம் என்பது அதற்கு மெதுவாகத்தான் உறைக்கும்.

ஆகவே அந்த 70-ஐக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு வேளைக் கறியிலும் இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து கொடுங்கள், கிட்டத்தட்ட 60 அதிலேயே சரியாகிவிடும். முதல் நாளே அவ்வளவும் விட்டால் முகம் திருப்புவான். ஒரு டீஸ்பூனில் ஆரம்பியுங்கள். கிண்ணமும் எப்போதும் இருக்கட்டும்.

ஞாயிறு சமையல், கோயம்புத்தூர்

நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

இரண்டு பெண் பூனைகள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கறி வாங்கி, டப்பா டப்பாவாகப் போட்டு ஃப்ரீசரில் அடுக்கிவிடுவேன். முதல் நாள் இரவே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் காலையில் இளகியிருக்கும், டப்பா அடியில் சிவப்பாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். எனக்கு அது ரத்தம் மாதிரி தெரியும், அருவருப்பு. வடிதட்டில் கொட்டி, குழாயில் ஒரு அலசு அலசி, கையால் பிழிந்து வைப்பேன். சுத்தமாக வைக்கிறோம் என்ற பெருமை வேறு. ஏழெட்டு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 500 கிராம் டப்பா, பிழிந்த பிறகு 440. அறுபது கிராமைத் தினமும் சாக்கடைக்கு ஊற்றியிருக்கிறேன்! அது ரத்தமும் இல்லை, கறியிலிருந்து இறங்கும் நீர். அதைவிட மோசம், டாரின் தண்ணீரில் கரைகிற சத்து. அளந்து அளந்து டாரின் போட்டுவிட்டு, அலசி அலசிக் கொட்டியிருக்கிறேன். இப்போது டப்பாவைக் கவிழ்த்து அடிச்சாறு வரைக்கும் தட்டில்தான் போகிறது, டாரினும் இளகிய பிறகுதான் கலக்கிறேன்.

எலும்பு விஷயத்திலும் இப்படி ஒன்று உண்டு. கோழிக் கழுத்தை அரைத்துச் சேர்ப்பது நல்லது என்று கேள்விப்பட்டு, கை தாராளமாகப் போட்டேன். மூன்றாம் நாள் லிட்டர் பெட்டியில் (பூனை மலம், மூத்திரம் போகும் மணல் பெட்டி) சாக்பீஸ் துண்டு மாதிரி வெள்ளையாக, தொட்டால் உதிர்கிறது. முக்கி முக்கிப் போனாள் பாவம். தண்ணீர் போதவில்லை என்று நான் கிண்ணம் கிண்ணமாக வைத்துக்கொண்டிருந்தேன். எலும்பைக் குறைத்ததும் நாலு நாளில் சரி.

மதுரைக்காரி

ஆண் பூனை வைத்திருக்கிறீர்கள் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும் தம்பி.

எங்கள் கருப்பன் காலையில் பச்சைக்கறி, மாலையில் உலர் உணவு என்று இருந்தவன். பாதி நாள் கறிதானே, தண்ணீர்க் கவலை இல்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன். போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் லிட்டர் பெட்டிக்குள் போவதும் குந்துவதும் வெளியே வருவதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்று நினைத்தேன். கொஞ்சம் நெய் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். நடுராத்திரியில் குளியலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு குரல் கொடுத்தான் பாருங்கள், அப்படி அவன் கத்தியதே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் தரையில் இரண்டு சொட்டு, இளஞ்சிவப்பாக.

ஞாயிற்றுக்கிழமை. முதலில் போன இடத்தில் ஊசி போட்டு "நாளை வாருங்கள்" என்றார்கள். மனசு கேட்கவில்லை, ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு இன்னொருவரிடம் போனேன். அவர் வயிற்றைத் தொட்ட உடனே, என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் மாதிரி கல்லாக இருந்தது மூத்திரப்பை. அடைப்பு. மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு எடுத்தார்கள். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றிருக்கும் என்றார் டாக்டர்.

கருப்பனுக்குத் தண்ணீர் குறைந்தது மட்டும்தான் காரணமா, தெரியாது. உடம்பு பருமன், வீட்டில் அப்போது நடந்த வெள்ளையடிப்புக் களேபரம், எல்லாமே சேரும் என்றார் அவர். ஆனால் ஒன்று: ஆண் பூனை அடிக்கடி குந்தி, ஒன்றும் வரவில்லை என்றால், நெய், கஷாயம், நாளைக்குப் பார்ப்போம் எதுவும் வேண்டாம். அந்த நிமிஷமே கூடையைத் தூக்குங்கள்.

இப்போது உலர் உணவை நிறுத்திவிட்டேன், கறியில் தண்ணீர் கலக்கிறேன். காலையில் லிட்டர் மணலை அள்ளும்போது, மூத்திரம் பட்டு உறைந்த கட்டிகளை எண்ணாமல் குப்பையில் போடுவதில்லை. என் வீட்டுக்காரருக்கு இது பெரிய சிரிப்பு.

மொட்டைமாடி

நாங்கள் கிண்ணம், மண்சட்டி, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மோட்டார் நீரூற்று, எல்லாம் வாங்கினோம். மேதை குடிப்பது குளியலறை வாளியில் மட்டும். சரி என்று வாளியையே தினமும் தேய்த்து வைக்கிறோம்.

தாமிரபரணிப் பூனை, திருநெல்வேலி

2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா வனவிலங்கு மீட்பு மையத்தில் மூன்று புலியும் ஒரு சிறுத்தையும் பறவைக் காய்ச்சலில் செத்துப்போனது ஞாபகம் இருக்கிறதா? அதைப் படித்த அன்றோடு நான் பச்சைக் கோழியை நிறுத்திவிட்டேன். ஃப்ரீசரில் வைத்தால் அந்தக் கிருமி சாகாது, வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா பாக்டீரியாவும் சாகாது. உங்களைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

வேகவைத்தால் வேறு சிக்கல். ஒரு கிலோ கறி முக்கால் கிலோ ஆகிவிடும், போனது அத்தனையும் பெரும்பாலும் தண்ணீர். ஆகவே கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மூடி வேகவைத்து, அந்த வேகவைத்த நீரையும் ஆறவிட்டு அப்படியே கலந்துவிடுகிறேன். டாரினை ஆறிய பிறகு சேர்க்கிறேன். எலும்பை வேகவைத்தால் சிம்பு சிம்பாக உடையும் என்பதால் கறி மட்டும், கால்சியத்துக்கு முட்டை ஓட்டுத் தூள். கோழிக்காலைத் தனியாகக் கொதிக்கவிட்டு வடிகட்டி ஐஸ் தட்டில் ஊற்றி வைப்பேன். ஒரு கட்டி 15 மி.லி., வெயில் நாளில் ஆளுக்கு ஒன்று.

கால்நடைக் கல்லூரி மாணவி, நாமக்கல்

அந்தக் கோழிக்கால் சாறில் உப்பு வேண்டாம். சின்ன வெங்காயம், பூண்டு வாசனைகூட வேண்டாம், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அது உடைக்கும். வீட்டில் மிச்சமான சூப்பை ஊற்றிக் கொடுப்பவர்கள் கவனம். பாலும் அப்படித்தான். தண்ணீருக்குப் பதில் என்று ஊற்றினால் வயிற்றால் போய் இருக்கிற நீரும் இறங்கிவிடும்.

பாட்டியம்மாவின் அடிமை, திருச்சி

எல்லோரும் குடிக்காத பூனையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் கதை தலைகீழ்.

பாட்டியம்மாவுக்குப் பதின்மூன்று வயது. நாலு வருஷமாகக் கறிதான். அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. போன ஐப்பசியில் ஒரு நாள் கிண்ணத்தில் வாய் வைத்து நிதானமாகக் குடித்தாள். நான் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன், "கடைசியில் கற்றுக்கொண்டாள்" என்று. அடுத்த வாரம் செடிக்கு வைத்த தட்டில். அதற்கடுத்து இரவு எழுந்து போய்க் குடிக்கிறாள். லிட்டர் பெட்டியில் கட்டிகள் தோசைக்கல் அகலம். நான் சந்தோஷப்பட்டுக்கொண்டே இருந்தேன், கிட்டத்தட்ட ஒன்றரை மாதம்.

எடை குறைந்த பிறகுதான் கூட்டிப்போனேன். சிறுநீரகம். மூத்திரத்தைக் கெட்டியாக்க முடியாமல் தண்ணீராகக் கொட்டுகிறாள், கொட்டியதை ஈடுகட்டக் குடிக்கிறாள். சர்க்கரை நோய், தைராய்டு என்றாலும் இப்படிக் குடிக்கும் என்று அவற்றுக்கும் சோதித்தார்கள். கறிச் சாப்பாடு சாப்பிடும் பூனை திடீரென்று கிண்ணம் தேடினால் கைதட்ட வேண்டாம், ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

டாக்டர் ஒன்று காட்டிக் கொடுத்தார். பிடரித் தோலைத் தூக்கிவிட்டால் சட்டென்று படிய வேண்டும் என்பார்கள், ஆனால் வயசான, மெலிந்த பூனைக்கு அது தப்பாகக் காட்டும். உதட்டை லேசாகத் தூக்கி ஈறில் விரல் வையுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி, ஒட்டினால் தண்ணீர் குறைவு. பாட்டியம்மா இதற்கும் கடிக்கிறாள்.

சுண்டலோட ஆள், சென்னை

எல்லோருக்கும் நன்றி. மதுரை அக்கா பதிவைப் படித்த ராத்திரி தூங்கவில்லை, எழுந்து போய் லிட்டர் பெட்டியைக் கிளறிப் பார்த்தேன்.

பத்து நாள் ஆயிற்று. ஈறு வழுக்குகிறது, கடிக்கவும் இல்லை. கோவை நண்பர் சொன்ன அதே சிவப்புத் தண்ணீரை நானும் கொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், அது நின்றது. தண்ணீர் கலப்பதில் இரண்டு மேசைக்கரண்டிக்கு ஏறினேன், மூக்கைச் சுருக்கினான், ஒன்றரைக்கு இறங்கினால் கப்சிப். கட்டி முன்பு நாளைக்கு இரண்டு, பெரிய நெல்லிக்காய் அளவு. இப்போது மூன்று, எலுமிச்சை அளவு. கிண்ணத்தில் பேனாக்கோடு அப்படியே இருக்கிறது. நேற்று அதில் ஒரு எறும்பு மிதந்தது, அதை மட்டும் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தான்.