நெல்லை வெயிலில் வளர்ந்தும் எலும்பில் பலமில்லையா?

பாளை மாடிவீடு: வயது 26. போன மாதம் வாசல்படியில் தடுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11. இருபதுக்குக் கீழே போனாலே குறைபாடாம். இரவு ஷிப்ட் வேலை. விடிந்து ஏழு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுகிறேன். வெயில் படாததுதான் காரணம், மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

குறுக்குத்துறை அண்ணாச்சி: தம்பி, வெயில்மேல் பழி போடாதீர்கள். ராத்திரி புரோட்டா சால்னா, கூடவே கலர். எலும்புக்கு என்ன மிஞ்சும்? உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கருப்பட்டியோடு சாப்பிட்ட ஊர் இது. படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் இளவெயிலில் நின்றால் போதும்.

பாளை மாடிவீடு: களியைக் குறை சொல்லவில்லை அண்ணாச்சி. ஆனால் தின்ற கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டுமே? கால்சியம்தான் கணக்கென்றால் உளுந்தைவிட எள்ளிலும் கேழ்வரகிலும்தான் அதிகம்.

வ.உ.சி. மைதானம்: அண்ணாச்சி, இளவெயில் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வைட்டமின் டி உண்டாக்கும் புறஊதாக் கதிர் காலை ஏழு மணி வெயிலில் மிகக் குறைவு. உச்சிப்பொழுதை ஒட்டித்தான் அதிகம். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்தாலும் பயனில்லை.

ஆனால் தம்பி, மாத்திரை மட்டும் போதாது. எலும்பு தாங்குகிற பாரத்துக்கு ஏற்பத்தான் கெட்டிப்படும். சின்ன வயதிலிருந்து டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கையைவிடத் தடிமனாக இருக்கும். உடம்பு ஒன்று, சாப்பாடு ஒன்று, வெயிலும் ஒன்று. வித்தியாசம் அடி விழுந்ததில்தான். ஆற்றில் நீந்துவது நல்லதுதான், ஆனால் பாரத்தைத் தண்ணீர் ஏந்திக்கொள்கிறது. ஓட்டம், கபடி, ஸ்கிப்பிங் இவைதான் எலும்பைத் தட்டி எழுப்பும். எலும்பு இப்படிப் பலம் சேர்ப்பது ஏறக்குறைய முப்பது வயதோடு நின்றுவிடும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கட்டுப் பிரிக்கும்வரை நடை போதும். சிகரெட் உண்டா?

பாளை மாடிவீடு: உண்டு. ஒரு ஷிப்டுக்கு ஆறேழு. டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

குறுக்குத்துறை அண்ணாச்சி: அதை முதலில் சொல்லியிருக்கலாமே தம்பி! புகை எலும்பை அரிக்கும், முறிவு கூடவும் நாளாகும். களியைப் பிறகு பேசலாம். நாளைக்கே டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.