மறு: மூடில் 'ரெப்பாசிட்டரி' – களஞ்சியமா, எடுப்பிடமா?

குழுவினருக்கு வணக்கம்.

மூடில் கற்றல் மேடையின் தமிழ்ப் பொதியில், அதாவது திரைச்சொற்களின் தமிழாக்கத் தொகுப்பில், 'ரெப்பாசிட்டரி' என்பதற்குக் 'களஞ்சியம்' என்றே இருக்கட்டும் என்ற கருத்து இவ்விழையில் மேலோங்கி நிற்கிறது. நிரல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் போன்ற கருவிகளின் வழியே அச்சொல் நன்றாக வேரூன்றிவிட்டது என்பதையும், ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் இருந்தால் மொழிபெயர்ப்பவர் தடுமாறுவார் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால், மூடிலில் அச்சொல் குறிக்கும் பொருளே வேறு என்பதால், அங்கு மட்டும் 'எடுப்பிடம்' என்று வழங்கலாம் என முன்மொழிகிறேன்.

பாடப்பக்கத்தில் கோப்பு ஒன்றைச் சேர்க்க முனையும் ஆசிரியருக்குக் கோப்பைத் தெரிவு செய்யும் சாளரமான கோப்புத் தேர்வி திறக்கிறது. அதன் இடப்பக்கத்தில் வழங்கிக் கோப்புகள், அண்மைக் கோப்புகள், கோப்பைப் பதிவேற்று, சொந்தக் கோப்புகள், விக்கிமீடியா என ஒரு பட்டியல் தெரியும். நிர்வாகி இசைவளித்திருந்தால் கூகுள் டிரைவும் டிராப்பாக்ஸும் அதில் சேர்ந்துகொள்ளும். மூடிலின் கணக்கில் இவை ஒவ்வொன்றும் ஒரு ரெப்பாசிட்டரி. 'கோப்பைப் பதிவேற்று' என்பதும் அவ்வகையைச் சேர்ந்த ஒரு செருகுநிரலே, அதாவது மூடிலோடு இணைக்கப்படும் ஒரு சிறுநிரலே. அதற்குள் எதுவும் சேர்த்து வைக்கப்படவில்லை. ஆசிரியரின் கணினியிலிருந்து கோப்பு உள்ளே வருவதற்கான வழி அது, அவ்வளவுதான். 'அண்மைக் கோப்புகள்' என்பதோ அவர் கடைசியாகக் கையாண்டவற்றின் பட்டியல். நெல்லைக் கொட்டி வைக்கும் இடத்தின் பெயரை இவற்றுக்கு இட்டால், நிர்வாகப் பக்கத்தில் 'களஞ்சியங்களை மேலாண்மை செய்க' என்று படிப்பவர், கணினி வட்டில் நிரம்பிக் கிடப்பதைக் குறைக்க அங்கே வழியிருக்கும் என்றுதான் நினைப்பார். அங்கே இருப்பதெல்லாம் எந்தெந்த வழிகளைத் திறந்து வைப்பது, எவற்றை மூடிவிடுவது என்ற தெரிவுகள் மட்டுமே.

உண்மையில் கோப்புகள் சேரும் இடம் வேறு. 1.9 பதிப்பு வரை ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு பொதுக் கோப்புத்தொகுதி இருந்தது. ஆசிரியர் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு, வேண்டிய இடத்தில் இணைப்புக் கொடுப்பார். 2010 நவம்பரில் வந்த 2.0 பதிப்பு அந்த அமைப்பைக் கைவிட்டது. அதன்பின் ஒரு கோப்பு எந்தச் செயற்பாட்டில் பயன்படுகிறதோ, அந்தச் செயற்பாட்டிற்கே உரியதாகத் தரவுத்தளத்தில் பதிவாகிறது. வட்டிலோ அதன் பெயர்கூட இருப்பதில்லை: உள்ளடக்கத்திலிருந்து எஸ்எச்ஏ-1 என்ற கணிப்பு முறையில் பெறப்பட்ட 40 எழுத்துக் குறியீடே அதன் பெயராகிறது, அக்குறியீட்டின் முதல் இரண்டு எழுத்துகள் ஓர் அடைவாகவும் அடுத்த இரண்டு அதன் உள்ளடைவாகவும் அமைகின்றன. ஒரே பாடக்குறிப்பைப் பத்துப் பாடங்களில் பதிவேற்றினாலும் வட்டில் அது ஒருமுறைதான் இடம்பிடிக்கிறது. கடைசிப் பாடத்திலிருந்தும் நீக்கப்பட்ட பிறகே குப்பைக்குச் செல்கிறது. கோப்புகள் தங்கும் இந்த இடத்திற்கு 'வைப்பகம்' என்று பெயரிடலாம். எடுப்பது ஓரிடம், வைப்பது ஓரிடம் என்ற வேறுபாடு இருசொற்களிலும் தானே விளங்கும்.

இழையில் வந்த பிற பரிந்துரைகளையும் எண்ணிப் பார்த்தேன். 'கோப்பு மூலம்' பொருளளவில் சரியானது. ஆனால் 'கூகுள் டிரைவ் மூலம்' என்று திரையில் வந்தால் அது பெயரா, வேற்றுமை உருபின் இடத்தில் நிற்கும் சொல்லா என்று தெரியாது. 'வாயில்' என்பது வலைவாசலோடு குழம்பும். 'கோப்புத்துறை' என்பதைக் கேட்டதும் படகுத்துறை நினைவுக்கு வருவது அழகுதான். ஆனால் பல்கலைக்கழகத் தளமொன்றில் அதைப் பார்க்கும் மாணவர், இயற்பியல் துறைக்குப் பக்கத்தில் அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று கேட்பார்.

'எடுப்பிடம்' என்பது இருப்பிடம், பிறப்பிடம் போன்ற சொற்களின் வார்ப்பில் அமைந்தது. 'எடுப்பு' என்றதும் பழைய எடுப்புக் கழிவறை நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் முகம் சுளித்திருந்தார். அதே சொல்தான் எடுப்புச் சாப்பாட்டிலும் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் பசி இழந்ததாகத் தெரியவில்லை. இதைவிட வலுவான மறுப்பு, எடுத்தால் பழைய இடத்தில் கோப்பு இல்லாமல் போய்விடும் என்ற பொருள் தொனிக்கிறதே என்பது. நகல் எடுக்கிறோம், படம் எடுக்கிறோம், குறிப்பு எடுக்கிறோம். எதிலும் மூலப்பொருள் இடம்பெயர்வதில்லை. தமிழில் இந்த வினை அதற்குப் பழகியது.

இந்த வினையை வைத்தே மற்றொரு சிக்கலும் தீர்கிறது. 2012-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து, சில எடுப்பிடங்களில் உள்ள கோப்பைத் தெரிவு செய்தவுடன் அதன் படியை, அதாவது நகலை, உருவாக்குவதா, அல்லது மூலக்கோப்பைச் சுட்டும் குறுக்குவழியை மட்டும் வைப்பதா என்று மூடில் கேட்கிறது. ஆசிரியர் ஒருவர் தம் சொந்தக் கோப்புகளில் உள்ள பாடத்திட்டத்தை இரண்டு வகுப்புகளின் பக்கங்களில் இட்டிருக்கிறார். பிறகு தேர்வுத் தேதி மாறிவிட, சொந்தக் கோப்புகளில் இருக்கும் பிரதிக்குப் பதிலாகத் திருத்திய கோப்பை அதே பெயரில் ஏற்றுகிறார் என்று கொள்வோம். குறுக்குவழி வைத்த பக்கத்தில் புதிய தேதி தெரியும். படி உருவாக்கிய பக்கத்தில் பழைய தேதியே நிற்கும். அந்த உரையாடல் பெட்டியில் 'படியெடு', 'சுட்டி வை' என்று இரண்டு வினைகளை எழுதிவிட்டால் ஆசிரியர் தயங்க வேண்டியதில்லை. இப்போதைய வரைவில் குறுக்குவழிக்கு உள்ள 'மாற்றுப்பெயரை உருவாக்கு' என்ற தொடர், கோப்பின் பெயரை மாற்றுவதாகவே படிப்பவருக்குத் தோன்றும். அது கட்டாயம் போக வேண்டும்.

'களஞ்சியம்' என்ற நல்ல சொல்லை நாம் இழக்கவும் வேண்டாம். 2020-இல் 3.9 பதிப்பில் அறிமுகமான 'கான்டென்ட் பேங்க்' உண்மையிலேயே ஆசிரியர்கள் உருவாக்கிய எச்5பி உள்ளடக்கங்களை, அதாவது மாணவர் ஊடாடிக் கற்கும் பயிற்சிகள் போன்றவற்றைச் சேர்த்து வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் இடம். 'உள்ளடக்க வங்கி' என்று எழுத்தெண்ணி மொழிபெயர்ப்பதைவிட 'உள்ளடக்கக் களஞ்சியம்' என்பது எனக்கு உகப்பாகப் படுகிறது. அதுவும் கோப்புத் தேர்வியின் இடப்பக்கப் பட்டியலில் ஒன்றாகத் தோன்றுகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் களஞ்சியம் என்றே பெயரிட்டால், களஞ்சியங்களுள் ஒரு களஞ்சியம் என்று எழுத நேரும்.

'டிராஃப்ட் ஏரியா' பற்றிக் கேட்டிருந்தவருக்கு: 'வரைவுப் பரப்பு' போதும். படிவத்தைச் சேமிக்கும் வரை கோப்புகள் தற்காலிகமாகத் தங்கும் இடம் அது. படிவத்தைச் சேமிக்காமல் விட்டுச் சென்றவரின் கோப்புகள் அங்கே கிடந்து, 4 நாட்கள் கடந்தபின் தாமாகவே அகற்றப்படுகின்றன. திரையில் அச்சொல் அரிதாகவே தென்படுவதால் அதற்காக நெடுநேரம் வாதாட வேண்டியதில்லை.

மூடிலில் பொதுத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனிப் பொதிகள் இருப்பதால், 'பதிவிறக்கம்', 'தரவிறக்கம்' போன்ற வழக்கு வேறுபாடுகளை அவரவர் பொதியில் அப்படியே விட்டுவிடலாம். 'எடுப்பிடம்', 'வைப்பகம்' ஆகிய இரண்டு மட்டும் இரு பொதிகளிலும் ஒன்றாக இருப்பது நல்லது. மறுப்புடையவர்கள் தங்கள் மாற்றுச் சொல்லை 'எடுப்பிடத்திலிருந்து கோப்பைத் தெரிவு செய்க', 'இந்த எடுப்பிடத்தை முடக்குக', 'எடுப்பிடம் எதுவும் இயங்கவில்லை' ஆகிய மூன்று தொடர்களிலும் பொருத்தி எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.