டிரம் சோலோவில் கையை விட்டவர்கள் யாராவது உண்டா?

மாடவீதி:
நியூயார்க் லிங்கன் சென்டரில் கோடைக்காலத்தில் நடக்குமே, அந்தத் திறந்தவெளி ஸ்விங் நடனம், ஜாஸ் இசைக்கு ஜோடியாக ஆடுவது. நான் போய் ஏழு வருஷம் ஆகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

மூன்றே வகுப்புதான் போயிருந்தேன். ஓரமாக நின்றவனிடம் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா வந்து கையை நீட்டினார். இரண்டாவது பாட்டே பென்னி குட்மேன் ஜாஸ் குழுவின் புகழ்பெற்ற ‘சிங், சிங், சிங்’. அந்த வேகம் தெரியும்தானே, எனக்கு மூச்சு வாங்குகிறது. திடீரென்று ஊதுகிறவர்கள் எல்லாரும் நிறுத்தினார்கள். டிரம்ஸ் மட்டும். அதுவும் தரையில் நிற்கிற அந்தப் பெரிய டிரம், ஃப்ளோர் டாம், வயிற்றில் வந்து இடிக்கிறது.

நான் அவர் கையை விட்டுவிட்டேன். மேடைப் பக்கம் திரும்பி, தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டேன்! எங்கள் வீட்டில் தனி ஆவர்த்தனம் என்றால் தும்மக்கூடக் கூடாது, தாத்தா முறைப்பார். அந்தப் பழக்கம்.

திரும்பிப் பார்த்தால் அவர் நிற்கவே இல்லை. முழங்காலை மடித்து, ஒவ்வொரு இடிக்கும் ஒரு தோளை இறக்கி, தனியாக ஆடிக்கொண்டிருந்தார். வலது கை மட்டும் நான் விட்ட இடத்திலேயே, என் பக்கம் நீட்டியபடி. எந்த எண்ணிக்கையில் உள்ளே நுழைவது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். கிளாரினெட் வந்தது. பாட்டும் முடிந்தது. சிரித்து, ‘தேங்க் யூ’ சொல்லிவிட்டுப் போனார்.

வேறு யாருக்காவது இப்படி?

இரண்டும்நாலும்:
எனக்கு லண்டனில், ஒரு பப்பின் பின்கட்டில். சோலோ சூடு பிடித்ததும் பஜனையில் தட்டுகிற மாதிரி நாலு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் கைதட்டினேன். டிரம்மர் வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்து, இடது காலால் ஹை-ஹாட்டை, அதாவது மிதித்தால் மூடும் ஜோடித் தாளத்தட்டை, அழுத்தி மிதித்தார். இரண்டு, நாலு. மறுபடி இரண்டு, நாலு. அங்கே தட்டு தம்பி என்று அர்த்தம். காது சிவந்துவிட்டது. இப்போது எங்கே போனாலும் கை இரண்டில்தான் விழுகிறது, பஜனையில் திட்டு வாங்குகிறேன்.

அப்புறம் மாடவீதி சார், தனி வந்தால் சபாவே எழுந்து கேன்டீனுக்குப் போகும். தும்மக்கூடாதாம்!

கோர்வை:
கேன்டீன் ஜோக்கை இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவீர்கள்? போகிறவர்கள் போகட்டும், உட்கார்ந்து தாளம் போடுகிறவர்களும் இருக்கிறோம்.

மாடவீதி, தனி கேட்டு வளர்ந்ததில் தப்பே இல்லை. ஸ்விங் நடனத்தின் அடிப்படை அசைவான ஸ்விங்அவுட்டுக்கும் எட்டு எண்ணிக்கை, ஆதி தாளத்துக்கும் எட்டு. ஆனால் தனியில் வித்வான் தாளத்தை ஒளித்துவைத்து விளையாடுவார், நாம்தான் கையில் பிடித்துவைத்திருக்க வேண்டும். முடிவுக் கோர்வை மூன்று முறை முடிந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்கு வந்த பிறகுதான் மூச்சு விடுவோம். குட்மேன் குழுவின் டிரம்மர் ஜீன் குரூப்பா அந்தப் பாட்டில் அப்படிச் செய்வதில்லை. டாம்-டாமில் அந்த நடையை விடாமல் ஓட்டுவார். ஆடுகிறவர்கள் கால் வைக்கத் தரை போட்டுக்கொடுக்கிறார் மனுஷன்.

1938 ஜனவரி 16 அன்று நியூயார்க் கார்னெகி ஹாலில் குட்மேன் குழு அதை வாசித்தபோது உட்கார்ந்து கேட்டார்கள், சரி, அது கச்சேரி மண்டபம். அதே ஊரின் ஹார்லெமில் சவாய் பால்ரூம் என்ற நடனக் கூடத்தில் டிரம்மருக்கு எதிரே இருந்தது முழுக்க ஆடுகிற கால்கள். அதற்கு முந்தின வருஷம் மே 11 அன்று அங்கே பென்னி குட்மேன் குழுவும் டிரம்மர் சிக் வெப்பின் குழுவும் வாசிப்பில் மோதின. குட்மேனுக்கு டிரம்ஸ் இதே குரூப்பா. வெப் சின்ன வயதிலேயே முதுகெலும்பில் நோய் வந்து வளராமல் போனவர், டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஆளே தெரியாது. ஜெயித்தது அவர்தான். குரூப்பாவே தலைவணங்கினார். அந்தத் தரையில் ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துப் பார்த்தே வாசித்தவரை, ஒரு ராத்திரி வந்து எப்படி ஜெயிப்பது?

என் அனுபவமா? லெனாக்ஸ் அவென்யூவில் 140, 141 தெருக்களுக்கு நடுவே சவாய் இருந்த இடத்தைப் பார்க்கப் போனேன். 1958-இல் மூடி, இடித்துவிட்டார்கள். இப்போது அடுக்குமாடி வீடுகள், ஒரு நினைவுப் பலகை. பலகைக்குக் கீழே காலிக் காபிக் கோப்பை கிடந்தது. எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன்.

முழங்கால்_சிங்கப்பூர்:
நான் ஒரே ஒரு ராத்திரி ஆடினேன். சோலோ உச்சத்தில் சுற்றும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. ஆறு வாரம் கட்டு. கதை அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், கேளுங்கள். ரன்னிங் ஷூ போட்டுக்கொண்டு போகாதீர்கள், ரப்பர் தரையைப் பிடிக்கும். தோல் அடிப்பாகம் உள்ள ஷூ நல்லது. இல்லையென்றால் பழைய கான்வாஸ் ஷூவைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அடியில் மெல்லிய தோல் ஒட்டச் சொல்லுங்கள். அதற்காக வழுக்கட்டும் என்று தரையில் பவுடர் கொட்டாதீர்கள், பக்கத்தில் ஆடுகிறவர் விழுவார். வேகம் கூடக் கூட அடி சின்னதாக வேண்டும், நம் ஆட்கள் நேர்மாறாக எகிறுவார்கள். ஆளைத் தூக்கிச் சுழற்றுவதெல்லாம் வீடியோவில் பார்ப்பதோடு சரி. மாற்றுச் சட்டை இரண்டு, ஒரு துண்டு கட்டாயம், நனைந்த முதுகில் யாரும் கை வைக்க விரும்ப மாட்டார்கள். கையை இறுக்கிப் பிடிக்காமல் விரலைக் கொக்கி மாதிரி வைத்தால் போதும். முக்கியமாக, சாப்பிட்ட உடனே ஆடாதீர்கள். மாடவீதி, நீங்கள் அன்றைக்கு என்ன ஷூ போட்டிருந்தீர்கள்? நுழைய முடியாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மாடவீதி:
செருப்பு.

கோர்வை, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி பாட்டை மறுபடி போட்டுக் கேட்டேன். எட்டு எட்டாக எண்ணிப் பார்த்தேன். முதல் சோலோவிலேயே நாலு இடத்தில் நுழைந்திருக்கலாம்.